ஜவ்வை இரண்டாம் முறை கிழித்துக்கொள்ள ஒரு கையேடு

முட்டி ஜவ்வை முதல் முறை கிழித்துக்கொள்வதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. கபடியில் ரெய்டு போனவர் கோட்டுக்குத் திரும்பும் அவசரத்தில், பாதம் மண்ணில் பதிந்திருக்க உடம்பை மட்டும் திருப்பினால் போதும். ஷட்டில் ஆடும்போது எகிறி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினால் போதும். பைக்கைச் சாய்த்து நிறுத்தும்போது சறுக்கினாலே சிலருக்குப் போதும். ஏ.சி.எல். என்று ஊரே சுருக்கிச் சொல்லும் அந்த ஜவ்வைக் கிழிப்பது அனுபவமில்லாதவர்களுக்கும் கைகூடுகிற காரியம்.

இரண்டாம் முறைதான் கஷ்டம். இப்போது உள்ளே இருப்பது காசு கொடுத்துப் போட்ட ஜவ்வு. ஒரு எலும்பு டாக்டர் உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை வெட்டியெடுத்து, தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் இழுத்துத் திருகு வைத்து முடுக்கியிருக்கிறார். அதன் பிறகு வாக்கர், பிரேஸ், ஐஸ் பை, மாதக்கணக்கில் பிசியோ என்று ஏகப்பட்ட காவல். இவ்வளவையும் தாண்டித் தனியாளாக ஒருவர் அதைக் கிழித்துவிட முடியாது. அவசரப்படும் நோயாளி வேண்டும், கேள்வி கேட்காத பிசியோ வேண்டும், பொங்கல் மேட்சுக்கு ஆள் குறையும் கோச் வேண்டும், பக்கத்தில் நின்று உசுப்பேற்ற ஒரு மாமா வேண்டும். இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடக்கூடிய இடம் ஒன்றுதான்: தொடைக்கு எவ்வளவு பலம் வந்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் அறை.

ஒரு சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையாகச் செய்தால் இந்தச் சோதனையில் அடிபடுவது மிக அரிது. உலகம் முழுக்க பிசியோதெரபிஸ்டுகள் தினமும் இதைச் செய்கிறார்கள், நோயாளிகள் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். ஆகவே சும்மா போய் உட்கார்ந்தால் வேலைக்காகாது. முறையைக் குலைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கையேடு.

நாள் குறிப்பது

எப்போது சோதனைக்குப் போவது என்பதுதான் பாதி வெற்றி. புதிதாக வைத்த ஜவ்வு பிடுங்கி நட்ட நாற்று மாதிரி: நட்ட அன்றைக்கு நிமிர்ந்து நிற்கும், பிறகு வாடும், வேர் பிடித்த பிறகுதான் தேறும். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த தசைநாணுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. உள்ளே வைத்ததும் அதன் செல்கள் மடிகின்றன, பிறகு புதிய ரத்தக் குழாய்கள் மெல்ல ஊடுருவுகின்றன, பழைய நார்கள் கழிந்து புதிய நார்கள் அடுக்கப்படுகின்றன. இந்த வேலை நடக்கும்போது, ஏறக்குறைய 6ஆவது வாரத்திலிருந்து 12ஆவது வாரம் வரை, அது ஆபரேஷன் அன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும் என்பது பொதுவான கணிப்பு.

இயற்கை உங்கள் பக்கம் நிற்பது இந்த இடத்தில்தான். அதே 6 முதல் 12 வாரத்தில்தான் வலி குறைகிறது, வீக்கம் வடிகிறது, கைத்தடி மூலைக்குப் போகிறது, பைக் சாவியைத் தேடும் எண்ணம் வருகிறது. உள்ளே ஜவ்வு மிக மெலிந்திருக்கும் நாட்களில் வெளியே நீங்கள் மிகத் தெம்பாக உணர்கிறீர்கள். ஆகவே காலண்டரைப் பார்க்காதீர்கள், டாக்டரைக் கேட்காதீர்கள். மனசு எப்போது சொல்கிறதோ அப்போது போய், "இன்னைக்கு ஃபுல் பவர்ல பார்த்துடலாம் சார்" என்று சொல்லுங்கள்.

இதற்கு இடைஞ்சலாகச் சிலர் அட்டவணையெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். 2016இல் வெளியான நெதர்லாந்து பிசியோதெரபிஸ்டுகளின் வழிகாட்டி, உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சியை 4ஆவது வாரத்தில் தொடங்கலாம் என்கிறது. ஆனால் 90 டிகிரி மடக்கத்திலிருந்து 45 டிகிரி வரைதான் நீட்ட வேண்டுமாம். பிறகு வாரம் ஒரு படியாகக் கூட்டி 8ஆவது வாரத்தில்தான் முழுசாக நீட்ட அனுமதி. அதிலும் தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங் தசைநாணை எடுத்து ஜவ்வு வைத்தவர்களுக்கு முதல் 12 வாரம் எடையே கட்டக் கூடாதாம். இவ்வளவு பொறுமை இருப்பவர்களுக்கு இந்தக் கையேடு பயன்படாது. அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலன் படிக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை என்ன செய்வது?

பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கவரில் எம்.ஆர்.ஐ. படத்தோடு அதுவும் இருக்கும். படத்தை மட்டும் எடுத்துப்போய் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினால் போதும், எல்லோரும் தலையாட்டுவார்கள். சம்மரியில் இருக்கும் இரண்டு வரிதான் ஆபத்து: ஜவ்வை எங்கிருந்து எடுத்தார்கள், கூடவே வேறு எதைத் தைத்தார்கள் என்ற இரண்டு வரி. பிசியோ அதைப் படித்துவிட்டால் காரியம் கெட்டது.

முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணிலிருந்து எடுத்திருந்தால், சில்லிலிருந்தும் ஒரு துண்டு எலும்பை வெட்டியிருப்பார்கள். வெட்டிய சில்லை வைத்துக்கொண்டு தொடைத்தசையை முழுப் பலத்தோடு முறுக்கினால், ஜவ்வுக்கு எதுவும் ஆகாமல் சில்லே இரண்டாகப் பிளக்கலாம். இப்படி மறுவாழ்வுப் பயிற்சிக் காலத்தில் சில்லு முறிந்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்திருந்தால், காலைப் பின்னால் மடக்கும் பலத்தைத்தான் முதலில் சோதிக்கச் சொல்ல வேண்டும். அறுத்தெடுத்த இடம் ஆறிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று மடக்கினால் தொடையின் பின்பக்கம் சுள்ளென்று பிடிக்கும். கிழிந்தது முன் ஜவ்வாக இல்லாமல் பின் ஜவ்வாக, அதாவது பி.சி.எல்.லாக இருந்தால், முட்டியைச் செங்கோணத்தில் வைத்து மடக்கும் சோதனைதான் தங்கச் சாவி. ஹாம்ஸ்ட்ரிங் கால் எலும்பைப் பின்னே இழுக்கும், பின்னே போகாமல் தடுப்பதுதான் அந்த ஜவ்வின் உத்தியோகம். முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பையும் தைத்திருந்தால் ஆழமாகக் குந்தி எழச் சொல்லுங்கள்.

ஆக, ஒருவருக்குக் கெடுதல் செய்யாத சோதனை இன்னொருவருக்குச் செய்யும். எது யாருக்கு என்று அந்த இரண்டு வரி சொல்லிவிடும். அதனால்தான் பீரோ.

கடைசி 30 டிகிரி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றிலும் கோட்டை விட்டாலும் இதில் தேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், அதாவது பிழைக்காமல் போகலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். அங்கிருந்து காலை நீட்டுவது தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசையான குவாட்ரிசெப்ஸ். அது முட்டிச் சில்லின் வழியாகக் கால் எலும்பைப் பிடித்து இழுக்கிறது. முட்டி செங்கோணத்தில் மடங்கியிருக்கும்போது இந்த இழுப்பு கால் எலும்பை முன்னே தள்ளுவதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பின்னேதான் அழுத்துகிறது. கால் நீள நீள இழுப்பின் திசை மாறிக்கொண்டே வரும். முழுசாக நீளுவதற்கு முந்தைய 30, 40 டிகிரியில் அது கால் எலும்பின் மேல்முனையை முன்பக்கமாக நழுவச் செய்யப் பார்க்கும். அப்படி நழுவாமல் பிடித்து வைப்பது ஏ.சி.எல். கணுக்காலில் எவ்வளவு எடை தொங்குகிறதோ அவ்வளவுக்குத் தொடைத்தசை இழுக்கும், அவ்வளவுக்கு அந்த ஜவ்வு முறுகும். சில்லுக்குப் பின்னால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இதில் ஒரு இலவச இணைப்பும் உண்டு: கால் நீளும்போது சில்லும் தொடை எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சுருங்குகிறது. எடை அப்படியே இருக்க, பரப்பு குறைந்தால் அழுத்தம் எங்கே போகும்?

இந்தக் கணக்கு தெரிந்த பிசியோ என்ன செய்வார் என்றால், உங்களை ஒரு கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்து, முட்டியை 90 டிகிரியில் நிறுத்தி, கணுக்காலில் ஒரு பெல்ட்டை மாட்டி, அதன் மறுமுனையைக் கட்டில் காலில் கட்டி, நடுவில் ஒரு அளவு கருவியைக் கோத்து, "இப்ப நீட்டப் பாருங்க" என்பார். கால் அசையாது. தசை முறுகும். எத்தனை கிலோ என்று கருவி காட்டும். ஜவ்வுக்குத் தூக்கம்கூடக் கலையாது. இதற்கென்று கையடக்க டைனமோமீட்டர் இருக்கிறது; அது இல்லாத இடங்களில் மூட்டை நிறுக்கிற டிஜிட்டல் தொங்குதராசை மாட்டியே சிலர் அளந்துவிடுகிறார்கள். எவ்வளவு கேவலம் பாருங்கள். லட்சக்கணக்கில் செலவழித்து ஆபரேஷன் செய்த காலை வெங்காய மூட்டையை நிறுக்கும் தராசில் நிறுப்பதா? மறுத்துவிடுங்கள்.

உங்கள் தகுதிக்கு ஏற்ற இடம் ஜிம். அங்கே லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் இருக்கும். எந்தக் கோணத்தில் தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்த ஒரு பின் இருக்கும். அதைத் தொடாதீர்கள். காலின் மேல் அழுத்தும் பேடைக் கணுக்காலை நோக்கி எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்குங்கள். பிளேட் பிளேட்டாக எடையைச் சொருகி, ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடை எது என்று தேடுங்கள். தூக்கியதும் மேலே, கால் முழுசாக நீண்ட இடத்தில், இரண்டு நொடி நிறுத்திச் சிரியுங்கள். போட்டோவுக்கு அதுதான் நல்ல கோணம். ஜவ்வுக்கும் அதே கோணம்தான்.

எடை கட்டி முட்டியைத் தேற்றும் இந்தக் கலைக்கு முன்னோடி தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குக் கனமான எடைகளைக் கொடுத்துத் தொடையைத் தேற்றி, 1945இல் அதை எழுதி வெளியிட்டார். படுக்கையில் கிடப்பதே வைத்தியம் என்றிருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். ஆனால் அவர் கணக்குக்கு அடிப்படையே பத்து முறை தூக்க முடிகிற எடைதான். இன்றைக்கும் அதுபோலக் குறைந்த எடையைச் சில முறை தூக்கவைத்து, அதிலிருந்து உச்ச எடையைச் சூத்திரம் போட்டு ஊகித்துவிடலாம். உச்சத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காகிதத்தில் கண்டுபிடிக்கிற எண்ணுக்கு யார் கைதட்டுவார்கள்?

மெஷின் உள்ள இடத்துக்குப் போனால்

பெருநகரங்களில் சில விளையாட்டு மருத்துவ மையங்களில் ஐசோகைனடிக் மெஷின் இருக்கும். சைபெக்ஸ், பயோடெக்ஸ் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல் டாக்டர் நாற்காலியும் விமான இருக்கையும் கலந்து செய்தது போன்ற ஒரு ஆசனம். 1967இல் ஹிஸ்லாப், பெரீன் என்ற இருவர் இதன் தத்துவத்தை எழுதி வெளியிட்டார்கள். கால் எந்த வேகத்தில் அசையலாம் என்பதை மெஷின் தீர்மானித்துவிடும். நொடிக்கு 60 டிகிரி, 180, 300 என்று வைக்கலாம். நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவுதான் அதுவும் எதிர்க்கும். வலித்தால் தள்ளுவதை நிறுத்துங்கள், எதிர்ப்பும் நின்றுவிடும். காலில் தொங்கிக்கொண்டு பழிவாங்க அங்கே எடை ஏதும் இல்லை.

கண்டுபிடித்தவர்கள் இப்படிப் பாதுகாப்பை உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டதால், நமக்குக் கொஞ்சம் உழைப்பு தேவைப்படுகிறது. நோயாளிக்குப் பதிலாக மோட்டார் காலைத் தள்ள, அதை நோயாளி எதிர்க்கும் எக்ஸென்ட்ரிக் முறை ஒன்று உண்டு. பழக்கமில்லாதவருக்கு முதல் நாளே அதைப் போடுங்கள். தசை நீளும்போது சுருங்கும்போதைவிட அதிக விசையைத் தாங்கும், ஆகவே ஜவ்வுக்கும் சில்லுக்கும் போய்ச் சேருவதும் அதிகம். எவ்வளவு தூரம் கால் போகலாம் என்று எல்லை வைக்கும் தடுப்புகளைக் கழற்றிவிடுங்கள். மெஷினின் அச்சு முட்டியின் வெளிப்பக்க எலும்பு முனைக்கு நேராக இருக்க வேண்டும் என்பார்கள். அடுத்த நோயாளி காத்திருக்கிறார், நேராகப் பார்க்க நேரம் ஏது? பேடை முட்டிக்குப் பக்கத்தில் ஏற்றிக் கட்டினால் கால் எலும்பு முன்னே நழுவுவது குறையும் என்பதால் அதையும் தவிர்க்கவும். வேகமாக அசையும்போது விசை குறையும், மெதுவாக அசையும்போது கூடும். எனவே 300இல் பழகவிடாமல் நேரே 60இல் தொடங்கவும். நோயாளி கையில் பிடித்துக்கொள்ள ஒரு நிறுத்தும் பொத்தான் கொடுப்பார்கள். அதை மெஷினின் பின்பக்கம் கொக்கியில் அழகாக மாட்டிவைக்கவும்.

மெஷின் இல்லாத மையங்களில் குவாட்ரிசெப்ஸ் டேபிளும் மணல் பைகளும் இருக்கும். அவற்றை வைத்தும் அருமையாகச் சோதிக்கலாம், அருமையாகக் கெடுக்கவும் செய்யலாம். மேலே சொன்ன கோணக் கணக்கு அங்கும் அப்படியே பொருந்தும் என்பதால் மீண்டும் எழுதவில்லை.

வெறும் கையால்

எதுவுமே இல்லாத இடத்தில் பிசியோவின் கை இருக்கிறது. போலியோ நோயாளிகளுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் ராபர்ட் லவெட் தொடங்கிவைத்த முறை அது. தசை அசையவே இல்லை என்றால் 0, முழு எதிர்ப்பையும் தாங்கினால் 5. எழுந்து நிற்க முடியாத குழந்தைக்கு எங்கே பலம் மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடிக்க அற்புதமான முறை. ஆனால் 22 வயதுக் கபடி வீரரின் தொடையை ஒரு மனிதரின் கை எதிர்த்து நிற்க முடியாது. நல்ல காலுக்கும் 5 வரும், பாதி பலம் போன காலுக்கும் 5 வரும். "ரெண்டு காலும் ஃபைவ் பை ஃபைவ், போய் விளையாடுங்க" என்று அனுப்பிவிடலாம். இப்படி ஒருவரையும் நோகடிக்காமல் அந்த இளைஞரை மைதானத்தில் கொண்டுபோய்க் கிழியவைப்பது நம் ஊரில் மிகப் பரவலான முறை. தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

சோதனை அறையிலேயே காரியம் முடிய வேண்டும் என்றால், நோயாளியின் கால் ஓரிடத்தில் அசையாமல் இருக்க, அவர் பலம் தோற்று இறங்கும் வரை மேலிருந்து அழுத்திக்கொண்டே போங்கள். அதுவும் காலை முழுசாக நீட்டிவைத்துக்கொண்டு, திடீரென்று. நிதானமாகக் கூட்டினால் அவர் தசை தயாராகிவிடும், காரியம் கெடும்.

முட்டியில் நீர் இருக்கும் நாளாகப் பார்த்து

முட்டி கொஞ்சம் உப்பியிருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுகிற பிசியோக்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், முட்டிக்குள் நீர் கோத்தால் நரம்பு வழியாகவே தொடைத்தசை மந்தமாகிவிடும் என்பார்கள். உண்மைதான். ஆரோக்கியமான ஆட்களின் முட்டிக்குள் உப்புநீரை ஊசியில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். 20, 30 மில்லி போனாலே, அதாவது ஒரு சின்ன மருந்து மூடி அளவுக்கே, தொடையின் உட்பக்கத் தசை சரியாக வேலை செய்யவில்லை. வலியே இல்லாதபோதும் அப்படி. நோயாளி சோம்பேறித்தனம் பண்ணவில்லை, அவர் மூளை அந்தத் தசைக்கு முழு உத்தரவு போட மறுக்கிறது.

இதை நாம் எப்படிப் பயன்படுத்துவது? நீர் இருக்கும் நாளில் சோதித்தால் எண் குறைவாக வரும். எண் குறைந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் இன்னும் முக்குவோம். காவலுக்கு நிற்க வேண்டிய தசை தூங்கிக்கொண்டிருக்கும் முட்டியில் இன்னும் கொஞ்சம் எடை. அதோடு வரும் வழியில் மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால், நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டிய வலியும் வாயை மூடிக்கொள்ளும். வார்ம் அப் வேண்டாம். சைக்கிள் மிதிக்கும் 10 நிமிடத்தில் இரண்டு வாட்ஸ்அப் பார்வர்டு படித்துவிடலாம்.

கூட்டம் சேர்ப்பது

தனியறையில் பிசியோவும் நோயாளியும் மட்டும் இருந்தால் உருப்படியாக எதுவும் நடக்காது. "எப்படி இருக்கு?" "கொஞ்சம் பிடிக்குது." "சரி, நிறுத்திக்கலாம்." இப்படிச் சப்பென்று முடியும். எனவே கோச்சை அழைத்துப் போங்கள். அப்பாவும் மாமாவும் வரட்டும். ஒரு தம்பி செல்போனில் படம் பிடிக்கட்டும்.

கோச் ஆரம்பிப்பார்: "என்னடா, இவ்வளவுதானா? அடுத்த மாசம் மேட்ச் இருக்குடா."

பிசியோ மெதுவாக: "சார், இன்னைக்கு இது போதும்னு நினைக்கிறேன்."

மாமா விடுவாரா? "தம்பி, நீங்க படிச்ச புள்ள, தப்பா எடுத்துக்காதீங்க. இவன் பதினாலு வயசுல நெல்லு மூட்டை தூக்கினவன். இன்னொரு பிளேட் போடுங்க, பார்த்துக்கலாம்."

படித்த பிள்ளைக்கு 24 வயது. பக்கத்தில் நிற்கும் மாமாவுக்கு 58. யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாமா கேட்டதெல்லாம் பையனுக்கு இன்னும் பலம் இருக்கிறதா என்பதுதான். அந்த அறையில் யாரும் பையனின் முட்டியைக் கேட்கவில்லை. கூட நின்று குரல் கொடுத்தால் எண் கூடும் என்பது பிசியோக்களுக்கும் தெரியும், அவர்களும் குரல் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் கத்தும்போது கண் நோயாளியின் முகத்தின் மேல் இருக்கும். மாமாவின் கண் பிளேட்டின் மேல் இருக்கும்.

90 மார்க்

பலத்தை அளந்ததும் ஆபரேஷன் செய்த காலை நல்ல காலோடு ஒப்பிட்டு விழுக்காடு போடுவார்கள். நல்ல கால் 200 நியூட்டன் மீட்டர் தள்ளுகிறது, ஆபரேஷன் கால் 180 என்றால் 90 விழுக்காடு. விளையாடப் போக 90 வேண்டும் என்பது பரவலான வழக்கம். விழுக்காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எண்பத்தேழு வந்தால் அம்மா அழுவார்.

87ஐ 90 ஆக்க இரண்டு வழி. ஒன்று, மறுபடி மறுபடி முயல்வது. களைத்த தசையோடு ஏழாவது, எட்டாவது முறை தள்ளும்போது முன் பத்திகளில் சொன்னதெல்லாம் ஒன்றாகப் பலிக்கும். இரண்டாவது வழி இன்னும் நேர்த்தியானது: நல்ல காலைக் கெடுப்பது. ஆறு மாதம் ஓடாமல் ஆடாமல் கிடந்தால் நல்ல காலும் இளைக்கும். 200 தள்ளிக்கொண்டிருந்தது 160க்கு இறங்கும். இப்போது மற்றக் கால் 144 தள்ளினாலே 90 விழுக்காடு. பழைய பலத்தில் முக்கால் பங்குகூட இல்லாத கால் முதல் வகுப்பில் தேறிவிட்டது. இந்த ஓட்டையை ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

அல்லது சோதனையே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். இத்தனை பக்கம் சோதனை அறையில் எப்படிக் கிழிப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இதைச் சொல்ல எனக்கே ஒருமாதிரி இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை அப்படி. 2016இல் வெளியான டெலவேர்–ஓஸ்லோ ஆய்வில், பலச் சோதனையும் தாவல் சோதனைகளும் அடங்கிய தேர்வில் தேறாமல் விளையாடப் போனவர்களில் 38.2 விழுக்காட்டினர் மறுபடி முட்டியில் அடிபட்டார்கள். தேறிப் போனவர்களில் 5.6 விழுக்காடுதான். 9 மாதம் வரை, மைதானத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு 51 விழுக்காடு குறைந்தது. ஆகவே சோதனை அறையில் கோணத்தோடும் பேடோடும் மல்லுக்கட்டும் அவதியெல்லாம் வேண்டாம் என்பவர்கள், 5ஆவது மாதத்தில் டாக்டர் முன்னால் முட்டியை ஒருமுறை மடக்கிக் காட்டிவிட்டு நேரே மைதானத்துக்குப் போகலாம். நான் சொல்லிக் கொடுக்கும் எந்த உத்தியைவிடவும் இதற்குப் பலன் அதிகம்.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பண்ட் மாதிரி ஆட்களைப் பார்த்து மனம் தளராதீர்கள். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் முட்டி ஜவ்வுகள் போன அவர், மறுபடி ஐ.பி.எல். ஆடியது 2024 மார்ச்சில்தான். ஏறக்குறைய 15 மாதம். அவருக்கு வாரிய டாக்டர்கள், பெங்களூரு அகாடமி, சம்பளம் எல்லாம் இருந்தன, காத்திருந்தார். உங்களுக்குப் பொங்கல் மேட்சு இருக்கிறது.

தாவல் சோதனையைப் பற்றி ஒரே வரி: ஒற்றைக் காலில் தாவும் சோதனையை மையத்தின் வராந்தாவில், இப்போதுதான் துடைத்துவிட்ட டைல்ஸ் தரையில் வையுங்கள்.

பாட்டிகளுக்கு

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களை இந்தக் கையேடு மறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்தில் தொடைத்தசையின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். அளந்து பார்த்த ஆய்வுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல்கூடக் குறைந்திருக்கிறது. இதை அளக்க 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணும் எளிய சோதனை இருக்கிறது. சுவரோடு ஒட்டிப்போட்ட, கனமான, கை வைக்காத நாற்காலி வேண்டும் என்பார்கள். நீங்கள் வராந்தாவில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழும்போது அது பின்னால் நகரும், உட்காரும்போது அங்கே இருக்காது. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே எழுப்பா எழுந்திரிங்க பாட்டிம்மா" என்று சொன்னால் ரத்த அழுத்தமும் கூடவே எழும். எடை தூக்கும் ஆரோக்கியமான இளைஞர்களுக்கே, மூச்சைப் பிடித்துக் காலால் தள்ளும்போது, மேல் அழுத்தம் 300க்கு மேல் போனதை 1985இல் கனடாவில் தமனிக்குள் குழாய் வைத்து அளந்திருக்கிறார்கள். பாட்டி காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் போடவில்லை என்று சொல்லிவிடுவார், பிறகு உங்களுக்குத்தான் தர்மசங்கடம்.

'டப்' என்று கேட்டதும்

கேட்கும். அறையில் எல்லோருக்கும் கேட்கும். உடனே யாராவது ஒருவர் "சொடக்கு விட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். மாமா சொன்னால் பொருத்தமாக இருக்கும். மீதியிருக்கும் முறைகளையும் முடித்துவிடுங்கள், பாதியில் விட்டால் சராசரி கெடும். சில மணி நேரத்தில் முட்டி இளநீர்க் காய் அளவுக்கு வீங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே டாக்டரிடம் காட்டு என்று சிலர் பதறுவார்கள். நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொல்லுங்கள். படி இறங்கும்போது முட்டி வெட்டி மடங்கினால், பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிறவர் யாரென்று விசாரியுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும் என்பதால், எடுக்க வேண்டாம்.

பிசியோ தம்பி அன்று மாலை நோட்டில் எழுத வேண்டியது ஒரு வரிதான். தேதி, நோயாளியின் பெயர், எந்தக் கால், எவ்வளவு எடை, அதற்குப் பக்கத்துக் கட்டத்தில்: சோதனை முழுவதும் நோயாளி நன்கு ஒத்துழைத்தார். மாமாவும்.